முப்பத்தாறு தொட்டிக்காரி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சின்னவளைப் பூட்டிய பீரோவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாகக் கால் கடுக்க நிற்கிறாள். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. பீரோவுக்குள் அவள் கணவரின் விபத்து ஃபைல் இருக்கிறது. ஆனால் திறக்க முடியாது.

"முடிஞ்சுபோன ஃபைல். கான்ட்ராக்டரே வந்து அதுல ஏதாவது கிளப்பினாத்தான் திறக்கலாம். நீ கேட்டாத் திறக்க முடியாது" என்று துப்புரவு அதிகாரி சொல்லியிருந்தார். எதையும் இரண்டு முறை சொல்வது அவர் வழக்கம் என்பதால், அதையும் இரண்டு முறை சொன்னார்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சின்னவள் நகராட்சி துப்புரவுப் பிரிவில் கிளார்க். அவள் கணவர் குப்பை லாரி ஓட்டியவர். அந்த லாரிக்குச் சொந்தக்காரர், நகரத்துக் குப்பையை எல்லாம் அள்ளும் கான்ட்ராக்டர். அவர் வேறு யாருமில்லை, சின்னவளின் அக்கா புருஷன். மூன்று வருடத்துக்கு முன்னால், லாரியின் பின்பக்கத்தில் குப்பையை நெரிக்கிற இரும்புத் தட்டு டிரைவரின் வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. தட்டைத் தடுத்து நிறுத்தும் கம்பி உடைந்திருக்கிறது என்று டிரைவர் மூன்று முறை சொல்லியிருந்தார். கான்ட்ராக்டர் என்ன ரிப்போர்ட் கொடுத்தார் தெரியுமா? டிரைவர் குடித்திருந்தார், அன்று காலையில் அவரைப் பார்த்த உறவினர் ஒருவரே இதை உறுதி செய்கிறார். அவ்வளவுதான். வேலை போயிற்று, நஷ்டஈடு போயிற்று, கையோடு சேர்ந்து மானமும் போயிற்று. சோடாவுக்கு மேல் எதையும் தொட்டறியாத மனிதர்!

இரண்டு வரி என்றேன். நீண்டுவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வரிக்கணக்கு மறந்துபோகும்.

அந்த 'உறவினர் ஒருவர்' யார் என்பதில் சின்னவளுக்குச் சந்தேகமே கிடையாது. கொழுந்தன்தான். அண்ணன் தன் ஸ்கூட்டரைத் தரவில்லை என்று அந்த வாரம்தான் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போயிருந்தான். அதற்குப் பிறகு அவன் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றபோது கதவைச் சாத்தினாள்.

கான்ட்ராக்டரிடம் மட்டும் சிரித்தாள். மூன்று வருடமும் சிரித்தாள். "வாங்க அத்தான், டீ சொல்லட்டுமா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார். கடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது நமக்கு மட்டும்தான் தெரியும்.

இன்றுதான் அந்த நாள்.

*

காலையில் சின்னவள் கணவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவருக்கு எல்லாம் வரும், பட்டன் மட்டும் வராது. தினமும் கீழிருந்து மேலே அவள்தான் போட்டுவிடுவாள்.

"என்னங்க, இன்னிக்கு அஞ்சு மணியோட முடியுது."

"தெரியும்."

"நம்ம தொட்டி உங்க பேர்லதான் இருக்கு."

"அதுவும் தெரியும்."

என்ன முடிகிறது என்று கேட்பீர்கள். நகரத்தில் வீட்டுக் குப்பைக் கட்டணத்தை மாதம் நூற்று எண்பதிலிருந்து முந்நூற்றுப் பத்தாக ஏற்ற வேண்டும் என்று கான்ட்ராக்டர் நகராட்சியிடம் கேட்டு வாங்கிவிட்டார். ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் கடனுக்கு ஐந்து புது லாரியும் எடுத்துவிட்டார். நடுவில் ஒரே ஒரு சட்டம்தான் குறுக்கே நிற்கிறது. ஒவ்வொரு வீட்டுக் குப்பைத் தொட்டிக்கும் ஒரு நம்பர் உண்டு. தொட்டி யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும். பிடிக்காதவர் நாற்பத்தைந்து நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். தொட்டிக்கு ஒரு கடிதம். பாதிக்கு மேல் தொட்டிகள் ஆட்சேபித்தால் கட்டணம் ஏறாது. கான்ட்ராக்டரின் ஐந்து லாரியும் கடன்காரன் வாசலுக்குத் திரும்பிப் போகும்.

"ஒரு கையெழுத்துதானே? இடது கையாலதான் இப்பல்லாம் போடுறீங்களே."

"போட மாட்டேன்மா."

"ஏன்?"

"கட்டணம் ஏறினா வண்டியில போறவங்களுக்குச் சம்பளம் ஏத்துறேன்னு சொல்லியிருக்காரு. நாலு வருஷமா பழைய சம்பளத்துலயே ஓடுறாங்க. என்கூட நின்னு குப்பை அள்ளினவங்க. அவங்க வயித்துல நான் அடிக்கவா?"

"சொன்னது யாரு? கம்பியை மாத்திடுறேன்னு மூணு தடவை சொன்னாரே, அதே ஆள்தானே?"

அவர் கழுத்தை நிமிர்த்தி அடுத்த பட்டனுக்குக் காட்டினார்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா?"

"இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு ஒரு பட்டன்கூடப் போட முடியல."

சின்னவள் மேல் பட்டனைப் போடாமலே கையை எடுத்துவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். திறந்த கழுத்தோடு அவரும் கடைக்குக் கிளம்பினார். நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை அவருடையது. வேடிக்கையைப் பாருங்கள், இந்த நாற்பத்தைந்து நாளாக நகரத்தில் பாதிப் பேருக்கு ஆட்சேபப் படிவத்தை நகல் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். தனக்கென்று ஒன்று எடுக்கவில்லை.

*

மூன்றாம் எண் ஜன்னலில் சின்னவள் உட்கார்ந்தபோது வரிசை வாசல் வரை நின்றது.

அவள் வேலை எளிமையானது, ஆனால் இம்மி பிசகக் கூடாது. படிவத்தை வாங்க வேண்டும். தொட்டி நம்பரைப் பதிவேட்டில் தேட வேண்டும். பெயரும் கையெழுத்தும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் முத்திரை, ஒரு ரசீது. சுவரில் ஒரு கரும்பலகை. மொத்தத் தொட்டிகள் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று மேலே எழுதியிருந்தது. தேவை நாலாயிரத்து எழுநூற்று ஏழு. அதற்குக் கீழே, மணிக்கொரு தரம் அழித்து எழுதுகிற எண்ணிக்கை.

பதினொரு மணிக்குக் கான்ட்ராக்டர் வந்தார். சலவைச் சட்டை, கையில் கார் சாவி, வாய் நிறையச் சிரிப்பு.

"என்ன, கூட்டம் அள்ளுது போல?"

"வாங்க அத்தான். டீ சொல்லட்டுமா?"

"சொல்லு, சொல்லு. உன் கையால முத்திரை விழுற சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. மெதுவாக் குத்தும்மா, மேஜை உடைஞ்சுடப் போகுது."

"உடையாது அத்தான். கெட்டியான மேஜை" என்று சிரித்தாள்.

அப்போது ஜன்னலில் நின்றது ஒரு தையல்கார அம்மா. படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது, பெயரைத் தவிர. தொட்டி வீட்டுக்காரர் பேரில் இருந்தது. அந்த அம்மா குடியிருப்பவள்.

"இது செல்லாதும்மா. வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்."

"மாசாமாசம் கட்டுறது நான்தானே? அவரு வெளியூர்ல இருக்காரு. ஒண்ணே ஒண்ணு, கண்ணை மூடிக்கிட்டுக் குத்திடுங்க."

குத்தலாம்தான். ஒரு வினாடி முத்திரை அந்தரத்தில் நின்றது. சின்னவள் தலையை ஆட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அத்தானை விழத்தட்டப் போகிற கல் ஒவ்வொன்றும் உறுதியாக இருக்க வேண்டும், நாளைக்கு ஒருவரும் ஒன்றையும் உருவ முடியாதபடி இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். குறுக்கு வழியில் ஜெயித்தால் அவருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

"சபாஷ்! இதுதான் நம்ம குடும்பத்துப் பொண்ணு" என்றார் கான்ட்ராக்டர். டீயை ஊதிக் குடித்துவிட்டு, அதிகாரியின் அறைக்குள் போய் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டார்.

மதியம் போயிற்று. வரிசை மெலிந்தது. மாலை நாலேகாலுக்குப் பலகையில் நாலாயிரத்து அறுநூற்று எழுபது. முப்பத்தேழு குறைவு. ஜன்னலில் ஆளே இல்லை.

சின்னவள் வாசலையே பார்த்தாள். மூன்று வருடச் சிரிப்பு முப்பத்தேழு தாளில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே அத்தான் பலமாக எதற்கோ சிரிக்கிற சத்தம் வேறு கேட்டது.

"பாப்பா."

நிமிர்ந்தாள். இந்த உலகத்தில் நாற்பது வயதான அவளைப் பாப்பா என்று கூப்பிடுவது ஒரே ஆள்தான்.

"அக்கா? நீ எங்க இங்க? அத்தான் உள்ள இருக்காரு."

"அவரைப் பார்க்க வரல." பெரியவள் தோளிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கி, உள்ளேயிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "ஆட்சேபம் கொடுக்க வந்திருக்கேன். முப்பத்தாறு."

"யாருதெல்லாம் கொண்டுவந்திருக்க? அவங்கவங்க பேர்ல இருந்தாத்தான் செல்லும்."

"எல்லாம் என் பேர்லதான்."

சின்னவள் மேல் தாளைப் பார்த்தாள். மில்லுக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகள். அங்கிருந்து இதுவரை ஒரு கடிதமும் வராததால் பதிவேட்டில் அந்தப் பக்கத்தையே அவள் புரட்டியதில்லை. இப்போது புரட்டினாள். இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்று முதல் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு வரை. முப்பத்தாறு தொட்டி. முப்பத்தாறு வரியிலும் அக்காவின் பெயர்.

"இந்த வீடெல்லாம் உன்னுதா?"

"எனக்கே தெரியாது பாப்பா. அவரு நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்து போடுறவதானே நான். ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி தபால்காரர் வந்து ஒரே மாதிரி நோட்டீஸ் முப்பத்தாறு கொடுத்தாரு. தப்பா வந்திருக்குன்னு திருப்பி நீட்டினேன். 'அம்மா, உங்க பேர், உங்க வீடு, நீங்களே வேணாம்னா எப்படி'ன்னு சிரிச்சாரு."

நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கடன்காரர்கள் கண்ணில் படாமலிருக்க முப்பத்தாறு வீட்டைப் பெண்டாட்டி பேரில் ஒளித்து வைக்கிறார் ஒரு மனிதர். பெண்டாட்டியிடமே சொல்லவில்லை. அப்புறம் அவரே கட்டணத்தை ஏற்றச் சொல்லிக் கேட்கிறார். சட்டப்படி தொட்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போகிறது. தன் குட்டைத் தானே தபாலில் உடைத்துக்கொண்ட புத்திசாலியை இந்தத் தொடரில் இதற்கு முன் நாம் பார்த்ததில்லை.

"நோட்டீஸை என்ன பண்ணின?"

"தையல் மெஷின் பெட்டிக்குள்ள போட்டு மூடி வச்சேன். தினம் எடுத்து எண்ணிப் பார்ப்பேன். எண்ண எண்ண எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஏன்னு உனக்குத் தெரியாது." பெரியவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உன் வீட்டுக்காரருக்கு அடிபட்ட அன்னிக்குச் சாயங்காலம் அவரு ஒரு பேப்பரை நீட்டினாரு. 'இதுல கையெழுத்து போடலைன்னா நாம நடுத்தெருவுல நிக்கணும். இந்த வீட்டை விட்டா நமக்குன்னு ஒரு ஓட்டு வீடுகூடக் கிடையாது'ன்னாரு. படிச்சுப் பார்த்தேன். படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."

"என்ன பேப்பர்?"

"அன்னிக்குக் காலையில உன் வீட்டுக்காரர் டீசல் சீட்டு வாங்க எங்க வீட்டுக்கு வந்தாரே, நான்தான் டீ கொடுத்தேன். நல்லாத் தெளிவாப் பேசினாரு. கம்பி உடைஞ்சிருக்கு, அத்தான்கிட்ட சொல்லுங்கன்னு என்கிட்டயும் சொல்லிட்டுப் போனாரு." குரல் இறங்கிவிட்டது. "அந்த உறவினர் ஒருவர் நான்தான் பாப்பா."

சின்னவளுக்கு முதலில் கொழுந்தன் ஞாபகம்தான் வந்தது. வாசலில் கைக்குழந்தையோடு நின்றவன் முகத்தில் கதவு சாத்தப்பட்ட சத்தம். அப்புறம்தான் எதிரில் நிற்கிறவள் யார் என்பது புரிந்தது. மூன்று வருடமாக வாரம் தவறாமல் வந்து, தன் தலையைத் தடவி, 'யாருடி அந்தப் பாவி, நல்லா இருப்பானா' என்று கூடவே அழுதவள்.

கம்பிக்கு நடுவே கையை விட்டு அந்தக் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. தாள்களைக் கிழித்து எறிய வேண்டும் போலிருந்தது. கிழித்தால் அத்தான் ஜெயித்துவிடுவார். அதுவும் தெரிந்தது.

கிழிக்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்தாள். நம்பரைத் தேடினாள். கையெழுத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். குத்தினாள். யாரோ முன்பின் தெரியாத ஒருத்திக்குச் செய்வது போல முப்பத்தாறையும் செய்தாள். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள். எல்லாம் முடிய மணி நாலு ஐம்பது ஆயிற்று.

"முப்பத்தாறும் சரியா இருக்கு. இந்தாங்க ரசீது. நீங்க போகலாம், அம்மா."

அந்த 'அம்மா' பெரியவளுக்கு அறையைவிட வலித்தது. ரசீதுக் கட்டைக்கூட எடுக்காமல் திரும்பி நடந்தாள்.

சின்னவள் பலகையில் எண்ணை அழித்து எழுதினாள். நாலாயிரத்து எழுநூற்று ஆறு. எழுதிய பிறகுதான் உறைத்தது. சரி பாதி. பாதிக்கு மேல் வேண்டும். இன்னும் ஒன்று.

*

நாலு ஐம்பத்து மூன்றுக்கு ஜன்னலில் ஒரு தாள் வந்து விழுந்தது. நிமிர்ந்தால், மேல் பட்டன் போடாத சட்டை.

"நம்ம தொட்டிதான். நம்பர் சரியா எழுதியிருக்கேனா பாரு" என்றார் கணவர்.

சரியாகத்தான் இருந்தது. கையெழுத்து போட வேண்டிய இடம் காலி.

"காலையில முடியாதுன்னீங்க?"

"உன் அக்கா மதியம் நம்ம கடைக்குத்தான் வந்தாங்க. முப்பத்தாறு படிவம் வேணும்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"கேட்டுட்டுமா எடுத்துக் கொடுத்தீங்க?"

"மெஷினை நிறுத்திட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் கொடுத்தேன்." அவர் மூச்சை இழுத்து விட்டார். "முப்பத்தாறு வீட்டை வச்சுக்கிட்டு, ஒரு இரும்புக் கம்பி வாங்கக் காசில்லைன்னு என்கிட்ட சொன்னாரும்மா அந்த ஆளு. சம்பளம் ஏத்தக் காசில்லைன்னு பசங்ககிட்ட சொன்னதும் அதே வாய்தான். காலையில ரோஷம் இல்லையான்னு கேட்டியே. வந்துடுச்சு."

"அப்போ போடுங்க! மணி பாருங்க!"

"போடுறேன். அதுக்கு முன்னாடி உன் அக்காவைக் கூப்பிடு. வாசல்ல என்னைப் பார்த்ததும் நின்னுட்டாங்க. 'என்னை அம்மான்னுட்டா'ன்னு அழுதுகிட்டு இன்னும் படியிலதான் நிக்கிறாங்க."

"முடியாது."

"கூப்பிடு."

"அவ பண்ணின காரியம் தெரிஞ்சுமா சொல்றீங்க?"

"போனது என் கை, என் மானம். யாரோட பேசணும், யாரோட பேசக் கூடாதுன்னு நான் சொல்றேன். என் தம்பி விஷயத்துல உன் இஷ்டத்துக்கு விட்டேன். மூணு வருஷம் போச்சு. இன்னொரு மூணு வருஷம் என்கிட்ட கிடையாது."

கடிகாரம் நாலு ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவர் இடது கையில் பேனாவைப் பிடித்தபடி நின்றார், அவசரமே இல்லாதவர் மாதிரி. ஒரு பழியைத் தீர்க்க வேண்டுமென்றால் இன்னொன்றை விட வேண்டும். சின்னவள் பல்லைக் கடித்தாள். அவரை முறைத்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"அக்கா!"

மனதாரத்தான் கூப்பிட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் வாசல் படியில் நின்றிருந்த பெரியவள் திரும்பினாள்.

"ரசீதை விட்டுட்டுப் போற. வந்து வாங்கிக்க."

கணவர் குனிந்து கையெழுத்து போட்டார். இடது கை எழுத்து ஒவ்வொன்றாக, கோணல்மாணலாக, அவர் பெயரை எழுதி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆயிற்று. நாலு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது. இந்த முறை மேஜை உண்மையிலேயே ஆடியது.

*

ஐந்து அடித்ததும் அதிகாரி வெளியே வந்து பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாலாயிரத்து எழுநூற்று ஏழு. கட்டணம் ஏறாது" என்றார். பிறகு வழக்கம்போல, "நாலாயிரத்து எழுநூற்று ஏழு. கட்டணம் ஏறாது."

கான்ட்ராக்டரின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. "எப்படி? அரை மணி முன்னாடி முப்பத்தேழு குறையுதுன்னீங்களே?" என்று பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். புரட்டிய பக்கத்தில் முப்பத்தாறு முத்திரை ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. பக்கத்தில் தன் பெண்டாட்டியின் பெயர். நிமிர்ந்தார். பெண்டாட்டியே நின்றுகொண்டிருந்தாள், ரசீதுக் கட்டைப் பைக்குள் வைத்தபடி.

"உனக்குப் பைத்தியமா? யாரைக் கேட்டு இதுல கையெழுத்து போட்ட?"

"எப்பவும் உங்களைக் கேட்டுத்தான் போடுவேன். இந்த ஒரு தடவை கேக்கல."

"லாரி எல்லாம் போயிடும்டி! குடியிருக்கிற வீட்டையே அடமானம் வச்சிருக்கேன்! நாம எங்க போறது?"

"நாம இல்ல, நீங்க. மில்லுக்குப் பின்னாடி என் வீடு ஒண்ணு காலியா இருக்கு. வேணும்னா வாடகைக்கு எடுத்துக்கங்க. குப்பைக் கட்டணம் பழைய கட்டணம்தான்."

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். சின்னவள்தான். மூன்று வருடத்தில் நிஜமாகச் சிரித்த முதல் சிரிப்பு அது.

அந்தச் சிரிப்புதான் கான்ட்ராக்டரை உசுப்பியது. பதிவேட்டில் கடைசி வரிக்குப் போனார். கடைசித் தாளை உருவினார். கோணல் கையெழுத்தைப் பார்த்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இது செல்லாது! பதிவேட்டுல இருக்கிற கையெழுத்தும் இதுவும் ஒண்ணா? குழந்தை கிறுக்கின மாதிரி இருக்கு. பொருந்தலைன்னா செல்லாதுன்னு நீங்கதானே சட்டம் பேசினீங்க? இதைத் தள்ளுங்க. ஒண்ணு போனாப் பாதி, பாதின்னா கட்டணம் ஏறும்!"

சின்னவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பதிவேட்டில் இருந்தது கணவரின் பழைய கையெழுத்து. வலது கையால் போட்டது. அவசரத்தில், அந்த ஒரு தாளை மட்டும் அவள் ஒட்டி வைத்துப் பார்க்கவில்லை. தெரிந்த கை என்று குத்திவிட்டாள்.

அதிகாரி இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பொருந்தலதான். பொருந்தலதான். கையெழுத்து மாறினதுக்குத் தக்க காரணம் ஆவணத்துல இருந்தா ஏத்துக்கலாம். இல்லைன்னா தள்ளணும்."

"காரணம் இருக்கு சார்" என்றார் கணவர். வலது சட்டைக் கையை மேலே இழுத்து, மணிக்கட்டோடு முடிந்த கையை மேஜைமேல் வைத்தார்.

"அது தெரியுதுப்பா. ஆவணத்துல இருக்கணும்." அதிகாரி கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "அப்போ விபத்து ஃபைலைப் பார்க்கணும். ஆட்சேபிச்சது நீங்க. நீங்க கேட்டா நான் திறந்துதான் ஆகணும். நீங்க கேட்டா நான் திறந்துதான் ஆகணும். கேக்கலைன்னா இந்தக் கையெழுத்து அப்படியே நிக்கும். கேக்குறீங்களா?"

கான்ட்ராக்டர் கையிலிருந்த கார் சாவியைத் திருப்பினார். எதைத் தொட்டுவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கேட்டால் ஃபைல் திறக்கும். கேட்காவிட்டால் கையெழுத்து நிற்கும், லாரி போகும். ஐந்து லாரியை நினைத்தார். பூட்டிய பீரோவைப் பார்த்தார். பேராசை அவரை என்றைக்குக் கைவிட்டிருக்கிறது?

"திறங்க" என்றார். "என்ன இருக்கப்போகுது அதுல? குடிச்சிட்டுத் தானே கையை விட்டான்னு இருக்கும், அது தக்க காரணம் ஆகாது. சாட்சியோட இருக்கு."

சின்னவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மூன்று வருடமாகத் தேய்ந்த சாவி பூட்டுக்குள் ஒரே திருப்பில் இறங்கியது.

"சாட்சியோட பேர் அதுல இல்லையே" என்றார் அதிகாரி, ஃபைலைப் புரட்டியபடி. "உறவினர் ஒருவர்னு மட்டும் இருக்கு. யாரு அது?"

கான்ட்ராக்டர் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இருபது வருடமாக அவள் பயந்திருக்கிறாள். பெரியவள் தங்கையின் பக்கத்தில் வந்து நின்று, துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் சார்" என்றாள். "பேனா கொடுங்க. அன்னிக்கு எழுதாததை இப்ப எழுதுறேன்."